வளவுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

சேதன விவசாயம் என்றதும் எமது பெண்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2021ஆம் ஆண்டுதான். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோக வயல்கள் ஏற்கெனவே விதைக்கப்பட்டிருந்தன. பல இடங்களில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ச்சியடைந்தது. அடுத்து வந்த 2022இன் பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கும் நிலை ஏற்பட்டது. கூலி வேலைக்குப் போகும் எமது அக்காமாருக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமையை எவரும் கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

இதனால் கிராமங்களில் சேதனம் என்ற சொல்லின் மீதே ஒரு வெறுப்பு இருப்பதை அவதானிக்க முடிகின்றது. அந்த வெறுப்பு நியாயமானதுதான். ஆனால் அன்று தோற்றுப்போனது எது? மண்ணை வளப்படுத்தச் சில ஆண்டுகள் தேவை. அதற்கான கற்றல் தேவை. இரண்டும் இல்லாமல் கட்டளை மட்டும் வந்தது.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கின்றது. சாதாரணக் கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் நைதரசன் இருக்கும். ஆகவே ஒரு பை யூரியாவிற்கு ஈடுகட்ட ஏறத்தாழ 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். இரண்டு ஏக்கர் வயலுக்கு இதை யார் வெட்டி, யார் சுமந்து, யார் பரப்புவது? எமது வீடுகளில் அது பெரும்பாலும் பெண்ணின் முதுகில்தான் வந்து இறங்கும். சேதன விவசாயத்திற்குச் செலவே இல்லை என்று பயிற்சிகளில் கூறுபவர்கள் எமது உழைப்பைச் செலவாகக் கணக்கெடுப்பதில்லை. எனவே வயலை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். வளவுக்குள் நாலு பாத்தியில் தொடங்கலாம். அங்கே கூட்டெருவின் அளவு கைக்குள் அடங்கும், கிணறும் பக்கத்தில் இருக்கும்.

உண்மையில் இது எமக்குப் புதிய பாடம் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், வெடிபொருள் செய்யப் பயன்படும் என்ற காரணத்தால் யூரியாவும் தடைசெய்யப்பட்டிருந்தது. அப்போது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தோட்டங்கள் நின்றுபோய்விடவில்லை. பூவரசங்குழையும் கிளுவங்குழையும் வெட்டித் தாழ்த்தினார்கள். பனையோலையைக் கிழித்து மண்ணுக்குள் புதைத்தார்கள். ஆட்டுப்பட்டியைத் தோட்டத்தில் அடைத்தார்கள். அது விரும்பித் தேர்ந்தெடுத்த விவசாயம் அல்ல, வேறு வழி இல்லாத விவசாயம். அதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த அறிவு எமது அம்மாமாரிடமும் அம்மம்மாமாரிடமும் இருந்தது, சிலரிடம் இன்னும் இருக்கின்றது.

அறுந்துபோனது விதை. இடப்பெயர்வின்போது பிள்ளைகளையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் விதைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓட முடியுமா? 2009இற்குப் பின்னர் மீள்குடியேறியபோது வாழ்வாதார உதவியாகக் கிடைத்த விதைப் பைக்கற்றுகளில் கலப்பின விதைகளும் இருந்தன. அவை முதற்போகத்தில் நன்றாகக் காய்க்கும். அந்தக் காயிலிருந்து விதை எடுத்து மீண்டும் நட்டால் ஒரு செடி ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் வரும். ஆகவே ஒவ்வொரு போகத்திற்கும் கடைக்குப் போக வேண்டும். கையில் காசு இல்லாவிட்டால் விதையும் பசளையும் மருந்தும் கடனுக்கு வரும். நுண்கடன் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைத்தது என்பதை இச்சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியே வாங்கும் பொருட்களில் இரண்டையாவது குறைத்தால் கடனின் ஒரு பகுதி குறையும்.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் பசளையின் நைத்திரேற்று இலகுவாகக் கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. தோட்டச் செய்கை கூடிய பகுதிகளின் பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவைகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். மாட்டெருவையும் கணக்கில்லாமல் கொட்டினால் இதே பிரச்சினை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். சேதனம் என்பதற்காக அளவு தேவையில்லை என்று ஆகிவிடாது.

வயலே வகுப்பறையாக

இவற்றையெல்லாம் எப்படிக் கற்பது? சமூக வேலையில் நான் கண்ட பயிற்சிகள் பல ஒரே மாதிரியானவை. காலை பத்து மணிக்கு ஒரு மண்டபம், பின்னால் பதாகை, இரண்டு மணித்தியால விரிவுரை, மதியச் சோற்றுப் பார்சல், குழுப் படம், சான்றிதழ். பத்து மணி என்பது நாட்கூலிக்குப் போகும் பெண் வர முடியாத நேரம் என்பதை ஏற்பாட்டாளர்கள் யோசிப்பதில்லை. அன்று வேலைக்குப் போகாதவர்களே வருவார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும், பாத்தியில் ஒன்றும் மாறாது.

இதற்கு மாறான ஒரு முறை 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கியது. அங்கே கிருமிநாசினி அடிக்க அடிக்கக் கபில நிறத் தத்தி பெருகி நெல்லை அழித்தது. தத்தியைத் தின்னும் சிலந்திகளையும் பூச்சிகளையும் மருந்து கொன்றுவிட்டதுதான் காரணம். 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைக் கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. பின்னர் உணவு விவசாய நிறுவனத்தின் உதவியோடு வயற் பாடசாலைகள் ஆரம்பிக்கப்பட்டன. இருபத்தைந்து பேரளவில் ஒரு குழு, கிழமைக்கு ஒரு காலை, விதைப்பிலிருந்து அறுவடை வரை. விரிவுரை இல்லை. வயலுக்குள் இறங்கிப் பயிரையும் பூச்சியையும் எண்ணி, ஒரு பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று குழுவே முடிவெடுக்கும். இலங்கையிலும் 1990களில் நெற்செய்கையில் இம்முறை அறிமுகமாயிற்று.

எழுத வாசிக்கத் தயங்கும் பெண்ணும் இதில் சமமாக இருக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. ஒரு பரிசோதனையை உங்கள் முற்றத்திலேயே செய்யலாம். அழுக்கணவன் பிடித்த ஒரு பயிற்றைக் கன்றைச் சட்டியில் வைத்து, மேலே பழைய நுளம்பு வலைத் துண்டைப் போர்த்து, உள்ளே புள்ளி போட்ட சிறு வண்டுகள் இரண்டைப் பிடித்து விடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் பார்த்து எண்ணுங்கள். பிள்ளைகளும் கூடவே பார்ப்பார்கள். எந்தப் பூச்சி எமது ஆள், எது பகை என்று ஒருமுறை கண்ணால் கண்டவர் கடைக்காரர் சொல்லும் மருந்தை உடனே வாங்கமாட்டார்.

தெலுங்கானாவின் சாகீராபாத் பகுதியில் தலித் பெண்கள் கிராமம் கிராமமாகச் சங்கங்களாகக் கூடி, அழிந்துபோகவிருந்த சிறுதானிய விதைகளைச் சேகரித்து, தமக்குள் பரிமாறி வருகின்றார்கள். 1983இல் தொடங்கப்பட்ட தக்காண அபிவிருத்திச் சங்கம் அவர்களோடு வேலை செய்கின்றது. அப்பெண்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆனாலும் 2008இலிருந்து தமக்கென ஒரு சமுதாய வானொலியை நடத்துகின்றார்கள். 2019இல் அவர்களுக்கு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஈக்குவேற்றர் பரிசு கிடைத்தது. அங்கே யாரிடம் எத்தனை வகை விதை இருக்கின்றது என்பதுதான் மதிப்பு.

விதை எடுக்கப் பழகுவோர் பயிற்றையிலும் தக்காளியிலும் தொடங்குவது நல்லது. இவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் இனம் அதிகம் கலக்காது. பூசணி அப்படியல்ல, பக்கத்து வளவுப் பூசணியோடும் கலந்துவிடும். நோயில்லாத செடியில் முதற்காய்களை விதைக்கென விட்டு, ஒரு துணித்துண்டு கட்டி அடையாளம் இடுங்கள். இல்லாவிட்டால் யாராவது பறித்துக் கறி வைத்துவிடுவார்கள். நன்கு பழுத்த தக்காளியின் சாற்றையும் விதையையும் போத்தலில் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகும் வரை நிற்கட்டும். உலர்ந்த விதையைச் சாம்பலோடு போத்தலில் இட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். ஐந்து வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு பயிரின் விதையைப் பொறுப்பெடுத்தால் வேலை சுருங்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமான இடங்கள் பல உண்டு. 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, 10 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். அன்றன்றைக்குத் தேவையானதையே தயாரியுங்கள்.

கற்பிக்க யாரைக் கேட்பது? உங்கள் பிரிவுக்கு ஒரு விவசாயப் போதனாசிரியர் இருக்கின்றார். கமநல சேவை நிலையத்தில் அவரைச் சந்திக்கும் நாளை அறியலாம். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1920. யாழ்ப்பாணத்தவர்களுக்குத் திருநெல்வேலியில் மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம் உண்டு. தனியாகப் போவதைவிட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பத்துப் பேராகக் கேட்பது பலன் தரும். கேட்கும்போது இரண்டு விடயங்களை வலியுறுத்துங்கள். பயிற்சி எங்கள் வளவிலேயே, வேலை முடிந்து வரும் நேரத்தில் நடக்கட்டும். ஒரு நாளோடு முடியாமல் ஒரு போகம் முழுவதும் தொடரட்டும். காணி கணவரின் பெயரில் இருக்க, அவர் காணாமல் ஆக்கப்பட்டோ இறந்தோ போயிருந்தால், காணிப் பத்திரத்தைக் காரணம் காட்டி உங்களை ஒதுக்க இடமளிக்க வேண்டாம். கற்றுக்கொள்வதற்குக் காணி உறுதி எதற்கு?

காலத்தையும் கவனியுங்கள். கூட்டெரு பக்குவப்பட ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். ஐப்பசி மழையோடு பாத்தி போட விரும்புபவர்கள் ஆடி மாதத்திலேயே குவியலைக் கட்டிவிட வேண்டும். பச்சைக் குழை, காய்ந்த சருகு, சாணம் என அடுக்கடுக்காக இட்டு, இடுப்பளவு உயரத்தில் நிழலில் அமைத்து, இரு கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். அதற்கு மேல் கசிந்தால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த சருகைச் சேர்த்துப் புரட்டுங்கள்.