களர் நிலத்துச் சோடியத்தை வெளியேற்றும் வழி

திருச்சி பாலக்கரையில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் சமையல் உப்பில் இருப்பவை சோடியமும் குளோரினும். தனி உலோகமாக இருக்கும் சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும். குளோரினோ நச்சு வாயு. உப்பான பின் இரண்டும் சாதுவாகிச் சோற்றில் சேர்கின்றன. நகருக்குத் தென்மேற்கே நவலூர் குட்டப்பட்டுப் பக்கத்துக் களர் வயல்களில் நெல்லைக் கருக்குவதும் இதே சோடியம்தான்.

சோடியம் அணுவில் 11 எலெக்ட்ரான்கள் 2, 8, 1 என்று மூன்று சுற்றுகளில் உள்ளன. வெளிச்சுற்றில் ஒற்றையாக நிற்பதை விட்டுவிட்டால் மீதி 10. இது எதனுடனும் எளிதில் சேராத நியான் என்னும் மந்த வாயுவின் அமைப்பு. 17 எலெக்ட்ரான் உள்ள குளோரின் ஒன்றை வாங்கி 18 ஆகிறது. 20 உள்ள கால்சியம் இரண்டைக் கொடுத்து 18 ஆகிறது. இவை இரண்டும் ஆர்கான் வாயுவின் அமைப்பு. இப்படி மின்னேற்றம் பெற்றவையே அயனிகள். ஜெர்மனியின் கோசலும் அமெரிக்காவின் லூயிசும் 1916-ல் இதைத் தனித்தனியே விளக்கினார்கள்.

அமைப்பு ஒத்திருப்பதால் சோடியம் நியானாகிவிடுவதில்லை. அதன் மீது ஒரு நேர் மின்னேற்றம் நிற்கிறது. களிமண் துகள்களின் மீது இருப்பது எதிர் மின்னேற்றம். எனவே சோடியம் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதன் பிடிப்பு தளர்வானது. துகள்கள் ஒன்றையொன்று விலக்கிச் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. நீர் இறங்குவதில்லை, காய்ந்தால் மண் இறுகிவிடும்.

நிலைத்த அமைப்பை அடைந்துவிட்ட இந்த அயனி மட்கிப் போகாது. எத்தனை முறை உழுது காயப்போட்டாலும் அழியாது. அதன் இடத்தில் வேறொன்றை வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். அந்த மாற்று, இரட்டை மின்னேற்றம் கொண்ட கால்சியம். ஒரு கால்சியம் இரண்டு சோடியங்களைப் பெயர்த்துவிட்டுத் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். கணக்குப்படி 172 கிலோ தூய ஜிப்சம் 46 கிலோ சோடியத்தைப் பெயர்க்க வல்லது. வயலில் இது சற்றுக் குறையும். சுண்ணாம்பிலும் கால்சியம் உண்டே என்று சிலர் கேட்பதுண்டு. கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்ட களரில் சுண்ணாம்பு கரையாது. கரையாத கால்சியத்தால் பயனில்லை.

மண் பரிசோதனையில் தெரியவரும் ஜிப்சத் தேவையில் பாதியளவு இட்டால் போதும். வயலைச் சமன் செய்து, வரப்பைப் பலப்படுத்தி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி உழ வேண்டும். நல்ல நீரைக் கட்டி ஊறவிட்டு வடிக்க வேண்டும். இதைப் பல முறை செய்ய வேண்டும். பெயர்ந்த சோடியம் சோடியம் சல்பேட்டாக நீரோடு போகும். பலர் தவறுவது இங்கேதான். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் இட்டால், பெயர்ந்த சோடியம் அதே வயலில் தங்கிவிடும். செலவழித்த பணமும் வீண்.

பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். நவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி, இன்றைய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம், களர் நிலத்திலேயே அமைந்தது. அங்கு உருவான திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் களரைத் தாங்குபவை. இத்தகைய மண்ணில் துத்தநாகம் பயிருக்கு எளிதில் கிட்டாது. ஆகவே நடவின்போது துத்தநாக சல்பேட்டை மறக்காமல் இட வேண்டும்.