எண்ணெய் விலைக்கு ஆரூடம் ஏன் பலிப்பதில்லை?

உக்ரேன் போர் மூண்ட சில வாரங்களில், 2022 மார்ச்சில், பாரிஸிலுள்ள சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு 30 இலட்சம் பீப்பாய் ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வராமல் போகலாம். நடந்தது வேறு. ஐரோப்பா ஒதுக்கிய மசகு எண்ணெயை இந்தியாவும் சீனாவும் தள்ளுபடி விலையில் அள்ளிக்கொண்டன. ரஷ்ய உற்பத்தி அந்த அளவுக்கு விழவேயில்லை. மார்ச்சில் பீப்பாய் 139 டொலரைத் தொட்ட, உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய், ஆண்டு முடிவில் போருக்கு முதல்நாள் விலையைவிடக் கீழே நின்றது. அதற்குள், யூலையில், பிரித்தானியாவின் சராசரிப் பெற்றோல் விலை லீற்றருக்கு 190 பென்ஸைத் தாண்டி, இலண்டன் குட்மேய்ஸ் பகுதி மினிகாப் ஓட்டுநரின் பையைக் காலியாக்கிவிட்டது.

இது புதிய சறுக்கல் அல்ல. பீப்பாய் 10 டொலருக்கு விற்ற 1999 மார்ச்சில், இலண்டனின் ‘எக்கனாமிஸ்ட்’ இதழ் விலை 5 டொலருக்கு இறங்கக்கூடும் என்றது. ஆண்டு முடியுமுன் அது இரு மடங்குக்கு மேல் ஏறியது. 2008 மே மாதம் முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 200 டொலர் வரை போகலாம் என்றது. யூலையில் 147ஐத் தொட்ட விலை டிசம்பரில் 40க்கும் கீழே விழுந்தது. இவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். சிக்கல் எண்ணெயின் இயல்பிலேயே இருக்கிறது. உலகம் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எரிக்கிறது. விலை ஏறியதற்காக யாரும் மறுநாளே காரை மாற்றுவதில்லை. கடலடியில் புதிய கிணறு தோண்டி எண்ணெய் எடுக்க ஆண்டுகள் செல்லும். ஆகவே வரத்துக்கும் தேவைக்கும் இடையே ஓரிரு வீத இடைவெளி விழுந்தாலே விலை தாறுமாறாக ஆடும். அந்த ஓரிரு வீதத்தைத்தான் முன்கூட்டி அளக்க முடிவதில்லை. பல நாடுகள் கையிருப்பை வெளியே சொல்வதில்லை. சொன்ன கணக்குகளும் பின்னர் திருத்தப்படுகின்றன. விலை எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020 ஏப்ரல் 20 அன்று, பெருந்தொற்றால் தேவை சரிந்து சேமிப்புத் தாங்கிகள் நிரம்பியபோது, அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டொலருக்குப் போயிற்று.

சரியாகக் கணித்தவர்களும் உண்டே என்று கேட்கலாம். அமெரிக்க உற்பத்தி 1970 அளவில் உச்சம் தொடும் என்று புவியியலாளர் ஹபர்ட் 1956இலேயே சொன்னார், அப்படியே நடந்தது. ஆனால் அவர் கணித்தது விலையை அல்ல, அளவை. அதுவும் நிலைக்கவில்லை: ஏறிய விலை ஷேல் பாறைகளை உடைத்து எண்ணெய் எடுப்பதை இலாபமாக்க, 2018இல் பழைய உச்சம் முறியடிக்கப்பட்டது. விலை மனிதரின் நடத்தையை மாற்றுகிறது. மாறிய நடத்தை கணிப்பைப் பொய்யாக்குகிறது. நிபுணரை விட்டுச் சந்தையையே நம்பலாம் என்றால், அதுவும் உதவாது. அல்குவிஸ்ட், கிலியன் என்ற பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் கைமாறும் எண்ணெய்க்கு இன்றே பேசப்படும் முன்பேரச் சந்தை விலையானது ‘இன்றைய விலையே நாளையும்’ என்ற எளிய ஊகத்தைவிடத் திறமாகக் கணிக்கவில்லை என்று கண்டார்கள்.

அதற்காக நிபுணர்களை ஒதுக்கிவிட முடியாது. எங்கே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, எடுக்க என்ன செலவாகும் என்பதை அவர்களைத் தவிர யாரிடம் கேட்பது? ஆனால் சொல்பவர் யாருக்காகப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். 2024இல் சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம், இந்தப் பத்தாண்டு முடிவில் தேவை நாளுக்கு 10.6 கோடி பீப்பாய் அளவில் ஏற்றத்தை நிறுத்தும் என்றது. அதே ஆண்டில் ஒபெக், 2050இல் அது 12 கோடியாகும் என்றது. முன்னது எண்ணெய் வாங்கும் நாடுகள் அமைத்தது. பின்னது விற்கும் நாடுகளின் கூட்டு. ஆகவே அளவு பற்றிய தரவுகளைக் கவனமாகப் படியுங்கள். அடுத்த ஆண்டின் விலை இதுதான் என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரை நம்பிக் கார்க் கடனோ வியாபாரக் கடனோ எடுக்காதீர்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும் வரவு செலவுத் திட்டமே எந்த ஆரூடத்தையும்விடப் பாதுகாப்பானது.