இடம்பெயரும் எல்லை: சர்வதேச விற்பனை ஒப்பந்தங்களில் வர்த்தகப் பதங்கள்

கடல்கடந்த விற்பனை ஒப்பந்தங்களில் விலையை அடுத்து எவ்.ஓ.பி., சீ.ஐ.எவ். என்றவாறு மூன்றெழுத்துப் பதமொன்று இடம்பெறுதலைக் காண்கின்றோம். கப்பற் கூலியையும் காப்புறுதியையும் செலுத்த வேண்டியவர் யார், வழியிற் பண்டம் அழியின் நட்டம் யாரைச் சாரும் என்பவற்றை இப்பதமே தீர்மானிக்கின்றது. நாட்டுக்கு நாடு இவற்றுக்கு வெவ்வேறு பொருள் கொள்ளப்பட்டமையாற் பிணக்குகள் மலிந்தன. எனவே, பாரிஸைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936 இல் ‘இன்கோடேர்ம்ஸ்’ எனும் விதித்தொகுப்பை வெளியிட்டது. இது தன்னளவிற் சட்டமன்று. பொதுவாக, ஒப்பந்தத்திற் சேர்த்துக்கொண்ட தரப்பினரையே கட்டுப்படுத்தும்.

எழுத்துகள் மாறாதிருக்க, அவை குறிக்கும் எல்லை இடம்பெயர்ந்து வந்துள்ளமையே ஈண்டு நாம் நோக்க விழைவது. எவ்.ஓ.பி. விற்பனையிற் கப்பலின் விளிம்பு வேலியே நெடுங்காலம் எல்லையாகக் கொள்ளப்பட்டது. பாரந்தூக்கியில் தொங்கும் பொதி அவ்வேலியைக் கடக்கும் கணத்தில் இடர் விற்பனையாளரிடமிருந்து கொள்வனவாளருக்கு மாறும். 1954 இல் இங்கிலாந்திலே தீர்க்கப்பட்ட பைரீன் வழக்கு இதன் விசித்திரத்தை வெளிப்படுத்தியது. இந்திய அரசு எவ்.ஓ.பி. முறையில் வாங்கிய தீயணைப்பு வண்டியொன்று, இலண்டனிற் சிந்தியா நிறுவனக் கப்பலில் ஏற்றப்படுகையில், வேலியைக் கடக்குமுன் வீழ்ந்து சேதமுற்றது. நட்டம் விற்பனையாளரைச் சார்ந்தது. திருத்தச் செலவு 966 பவுண். கப்பல் நிறுவனத்தின் பொறுப்போ 200 பவுணுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. பொதி ஊசலாட, அதனுடன் பொறுப்பும் ஊசலாடுவதை நீதிபதி டெவ்லின் எள்ளலுடன் சுட்டிக்காட்டினார். ஆயினும் விதித்தொகுப்பு அவ்வேலியைக் கைவிட்டது 2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே. அதன்பின் பண்டம் கப்பலின்மேல் வைக்கப்படுதலே எல்லையாயிற்று.

இதற்கிடையிற் கொள்கலன் வந்துவிட்டது. கொள்கலனை விற்பனையாளர் துறைமுக முனையத்திற் கையளிப்பார். கப்பலேற்றம் பின்னரே நிகழும். இடைக்காலத்திற் சேதம் நேரின், பண்டம் தம் கையை விட்டகன்ற பின்னரும் எவ்.ஓ.பி. விற்பனையாளரே நட்டத்தைச் சுமக்கின்றார். இக்குறையை நீக்க, காவுநரிடம் கையளிக்கும் இடத்தையே எல்லையாகக் கொண்ட பதமொன்று 1980 இற் சேர்க்கப்பட்டது. 1990 முதல் அது எவ்.சீ.ஏ. எனப்படுகின்றது. எனினும், பழகிய பதத்தை வணிகர் எளிதிற் கைவிடுவதில்லை. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு நடைமுறைக்கு வந்த பின்னரும் தரப்பினர் முந்திய பதிப்பொன்றைத் தெரிவுசெய்யலாம். ஆதலின் ஆண்டைக் குறிப்பிடாத ஒப்பந்தம் வழக்குக்கு வித்திடுவதாகும்.

சீ.ஐ.எவ். பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. சேருமிடம் வரையுள்ள கூலியை விற்பனையாளர் செலுத்தினும், இடர் ஏற்றுமதித் துறைமுகத்திலேயே கைமாறுகின்றது.

விதித்தொகுப்பு இரு தரப்பினரையும் சமமானவராகவே கருதுகின்றது. ஆனால் எப்பதம் எழுதப்படும் என்பதைப் பேரம்பேசும் வலுவே பெரிதும் நிர்ணயிக்கின்றது என்பது எமது கருத்து. எவ்.ஓ.பி. முறையிற் கப்பலை நியமிப்பவர் கொள்வனவாளர், சீ.ஐ.எவ். முறையில் விற்பனையாளர். முன்னதில் ஏற்றுமதி செய்து பின்னதில் இறக்குமதி செய்யும் நாடு, கப்பலைத் தெரியும் உரிமையை இரு வழியிலும் அந்நியரிடம் விடுகின்றது. மேற்கூறிய வழக்கில் இந்திய அரசு எவ்.ஓ.பி. முறையில் வாங்கி, இந்தியக் கப்பலையே நியமித்திருந்தமை கவனிக்கத்தக்கது. இலங்கையின் வர்த்தகப் புள்ளிவிபரங்களும் ஏற்றுமதியை எவ்.ஓ.பி. பெறுமதியிலும் இறக்குமதியைச் சீ.ஐ.எவ். பெறுமதியிலும் தருகின்றன. இவை கணிப்பு முறைகள் மாத்திரமே. உண்மையான ஒப்பந்தங்கள் எப்பதத்தில் எழுதப்பட்டன என்பதை இவற்றிலிருந்து அறிதல் இயலாது.