போதகர் ஆவதற்கும் பல்கலைக்கழகப் படிப்பு: பாஸ்டன் காட்டும் வழி

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மெதடிஸ்ட் என்றதும் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். 1885-இல் சிங்கப்பூரில் கால்பதித்த அந்தச் சபை, பல ஊர்களில் பள்ளிகளை எழுப்பியது. ஆனால் அச்சபையின் போதகர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது பலருக்கும் தெரியாது. வேதாகமத்தை நன்றாக வாசிக்கவும் பேசவும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்களே அதிகம்.

அமெரிக்காவில் ஐக்கிய மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த இறையியல் கல்லூரிகள் 13. அவற்றில் சில, பெரிய பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இயங்குகின்றன. மூத்தது பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் கல்லூரி. பொதுவாகப் பல்கலைக்கழகம்தான் கல்லூரியைத் தொடங்கும். இங்கே கதை தலைகீழ். 1839-இல் வெர்மான்ட் மாநிலத்தில் வேதாகமப் பள்ளியாகத் தொடங்கி, 1867-இல் பாஸ்டன் நகருக்கு வந்தது. பல்கலைக்கழகம் பிறந்ததோ 1869-இல்!

இங்குள்ள முக்கியப் படிப்பு 'மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி'. முழுநேரமாகப் படித்தால் 3 ஆண்டுகள். எஸ்.பி.எம். முடித்த கையோடு சேர முடியாது. ஏதாவது ஒரு துறையில் இளங்கலைப் பட்டம் வேண்டும். பழைய, புதிய ஏற்பாடுகள், சபை வரலாறு, இறையியல், ஒழுக்கவியல், பிரசங்கக் கலை என்று பாடங்கள் நீளும். துக்க வீட்டில் என்ன பேசுவது, உடைந்துபோன குடும்பத்துக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்பதும் பாடம்தான். வகுப்பறையோடு முடிவதில்லை; வெளியே சென்று சபைகளிலும் மற்ற இடங்களிலும் பயிற்சி பெற வேண்டும்.

போதகராக விரும்பாமல், சமயத்தை ஆய்வாகப் படிக்க நினைப்பவர்களுக்கு 2 ஆண்டு முதுகலை உண்டு. திருச்சபை இசைக்கென்று தனி முதுகலை இருக்கிறது. ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களுக்கு 'டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி', பேராசிரியராக விரும்புவோருக்குப் பிஎச்.டி. பல்கலைக்கழகத்துக்குள் இருப்பதன் பெரிய பலன், இறையியலோடு சமூகப்பணி முதுகலையையும் சேர்த்து முடிக்கலாம் என்பதே. தோட்டப்புறக் குடும்பங்களின் மதுப் பிரச்சினையைப் பார்த்தவர்களுக்கு இந்த இரட்டைப் பட்டத்தின் அருமை விளங்கும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டம் தருவது பல்கலைக்கழகம். குருப்பட்டம் தருவது திருச்சபை. ஐக்கிய மெதடிஸ்ட் சபையில் மூப்பர் நிலைக்குப் போகிறவரைச் சபையின் குழு தனியாக விசாரிக்கும். அதன்பிறகும் குறைந்தது 2 ஆண்டுகள் தகுதிகாண் காலம் உண்டு. சான்றிதழ் கையில் இருப்பதாலேயே யாரும் போதகராகிவிட முடியாது.

மெதடிஸ்ட் அல்லாதவர்களும் இங்கே படிக்கலாம். மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் சபைக்காரர். 1951-இல் பாஸ்டனில் சேர்ந்து, 1955-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கினார்.

ஜேம்ஸ் லாசனின் கதையோ நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. மெதடிஸ்ட் ஊழியராக இந்தியாவின் நாக்பூரில் 3 ஆண்டுகள் இருந்து, காந்தியின் அகிம்சையைக் கற்றவர் அவர். நாடு திரும்பி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்தபோது, கறுப்பினத்தவருக்கு இடம் தராத உணவகங்களில் அமர்ந்து போராட மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்காக 1960-இல் அந்தப் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. இறையியல் கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் அவருக்காகப் பதவி விலகவும் துணிந்தனர். பாஸ்டன் அவருக்கு இடம் கொடுத்தது; அதே ஆண்டு பட்டத்தை முடித்தார். பல்கலைக்கழகக் கூரையின் கீழ் இருப்பதில் வசதியும் உண்டு, நெருக்கடியும் உண்டு. வெளியேற்றிய வாண்டர்பில்ட், 2006-இல் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.