மகன் எஸ்.யு.வி. வாங்கப் போகிறானா?



தீபாவளிக்கு முதல் நாள் நம் தோட்டத்து லயங்களின் முன்னால் வந்து நிற்கும் வாகனங்களைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். நடுவில் கிராணியார் வீட்டுக் கார் ஒன்று நின்றால் அதுவே பெரிய விஷயம். இப்பொழுது பட்டணத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் காரில்தான் வருகிறார்கள். அதிலும் சில ஆண்டுகளாக ஒரு மாற்றம். தாழ்வான சிறிய கார் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் உயரமான கார் வந்திருக்கிறது. அதை எஸ்.யு.வி. என்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

ஆனால் பள்ளி விட்டபின் என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் அழகைப் பற்றிக் கேட்பதில்லை. "சார், மவன் காடி எடுக்கிறானாம். ஜாமீனுக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றான். போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் காரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உயரமான கார் என்றதும் காடு மேடெல்லாம் ஏறும் வண்டி என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. துரையின் லேண்ட் ரோவரைப் பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா! அந்த வண்டியில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்று நம் பிள்ளைகள் ஆசைப்படும் சிறிய எஸ்.யு.வி.க்கள் அப்படியல்ல. 2020 அக்டோபரில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021 மார்ச்சில் வெளிவந்த பெரோடுவா அத்திவா இரண்டிலும் முன் சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கின்றன. மழை பெய்து களிமண் சறுக்கும் மேட்டில், பழைய மைவி எங்கே திணறுமோ அங்கே இதுவும் திணறும். உடம்புதான் ஜீப், கால் சாதாரணக் காரின் கால்.

அப்படியென்றால் உயரத்தால் பயனே இல்லையா? உண்டு. அத்திவாவின் அடிப்பாகம் தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய எட்டு அங்குலம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி, இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மேடு தட்டிய செம்மண் சாலை நம்முடையது. அந்த நடுமேட்டில் எண்ணெய்த் தொட்டி உரசாமல் போவது சின்னக் காரியமில்லை. இன்னொரு பயன், நம் வீட்டுப் பாட்டிகளுக்கு. தாழ்ந்த காரில் உட்காரக் குனிந்து, இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். இதில் இருக்கை இடுப்பளவில் இருப்பதால், கதவைத் திறந்து அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். சேலை கட்டியவர்களுக்கும் சௌகரியம். விற்பனையாளர் இதையெல்லாம் சொல்வதில்லை. கண்ணாடிக் கூரையையும் பெரிய திரையையும்தான் காட்டுகிறார்.

இந்த அழகுச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே காரில் மூன்று நான்கு வகை இருக்கும். விலை ஏற ஏறச் சக்கரம் பெரிதாகும். அத்திவாவின் உயர்ந்த வகையில் 17 அங்குலச் சக்கரம். எக்ஸ்50-இல் 18 அங்குலம். பெரிய சக்கரத்தில் ரப்பர் சுவர் மெலிந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் அது கம்பீரம். நம் குழிச் சாலையிலோ ஒவ்வொரு குழியும் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு நேரே வந்து சேரும். டயர் மாற்றும் செலவும் கூடும். சொகுசுக் கார்கள் சிலவற்றில் மாற்றுச் சக்கரமே கிடையாது. ஒட்டுப் போடும் மருந்துப் புட்டியும் காற்றடிக்கும் கருவியும்தான் வைத்திருக்கிறார்கள். பட்டணத்தில் அது போதும். இரவு பத்து மணிக்கு டிவிஷன் சாலையில் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்த மருந்தால் ஒன்றும் ஆகாது. கார் பார்க்கப் போகும்போது பின்பக்கத் தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் இருக்கிறதா, வெறும் புட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அகலத்தையும் பாருங்கள். அத்திவா 1,710 மில்லிமீட்டர் அகலம், எக்ஸ்50 1,800. மூன்றரை அங்குல வித்தியாசம்தானே என்று தோன்றும். எதிரே குலை லோரி வரும்போது, பக்கத்தில் சாக்கடை இருக்கும்போது, அந்த மூன்றரை அங்குலத்தின் அருமை தெரியும்.

வெள்ளை நிற இருக்கையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செம்மண் தூசி அதைச் சும்மா விடாது. இன்னொன்று எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமா? எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைத்திருக்கும் தோட்டங்களே உண்டு. இந்தப் புதிய கார்களில் முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும் கருவி, தடம் மாறினால் எச்சரிக்கும் கருவி என்று எங்கே பார்த்தாலும் மின்கம்பிதான். எலி ஒரு கம்பியைக் கடித்தால் பட்டறைக்காரர் தேடிக் கண்டுபிடிக்கவே கூலி கேட்பார். காரைப் பல நாள் ஒரே இடத்தில் போட்டு வைக்காமல், வாரத்தில் இரண்டு முறையாவது முன்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக அந்தப் பாதுகாப்புக் கருவிகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போய்ப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை! எக்ஸ்50-உம் அத்திவாவும் ஆசியான் என்கெப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. கண்ணாடிக் கூரைக்குக் கொடுக்கும் பணத்தை இந்தப் பாதுகாப்புக்குக் கொடுத்தால் அது நியாயம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தை இருக்கையும் சேர்த்து வாங்க வேண்டும். 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் அது சட்டம். அது பின்னால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எத்தனை பேர் உட்காரலாம் என்று விரல் விட்டு எண்ணுங்கள். இந்த ரகக் காரில் மொத்தம் ஐந்து பேர்தான். தாத்தா பாட்டியோடு ஏழு பேர் உள்ள குடும்பமானால், 2019-இல் வந்த பெரோடுவா ஆருஸ் போன்ற ஏழு இருக்கை வண்டியையும் ஒரு முறை பாருங்கள். அதன் அடிப்பாகம் இன்னும் உயரம், 220 மில்லிமீட்டர். இளைஞர்கள் அதை அழகில்லை என்பார்கள். பத்து மலைக்குக் குடும்பத்தோடு போகும்போது யார் வீட்டில் தங்குவது என்று சண்டை வராதே!

உயரமாக இருப்பதால் வெள்ளத்தில் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே பல கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டடி இருந்தால் எஸ்.யு.வி.யையும் இழுத்துக்கொண்டு போகும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. அதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான சொகுசுக் கார்களுக்கு வருவோம். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 கெடாவில் கூலிமில் பொருத்தப்படுகிறது. மெர்சிடிஸ் கார்கள் பகாங் பெக்கானிலும், வோல்வோ கார்கள் ஷா ஆலமிலும் பொருத்தப்படுகின்றன. புதிதாக வாங்கினால் இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல். அது நம் கணக்கில் வராது என்று விட்டுவிடலாம். வலை விரிப்பது பழைய கார்க் கடையில்தான். ஏழெட்டு வயதான எக்ஸ்1 ஒன்று, புதிய உள்நாட்டுக் காரின் விலைக்குப் பளபளவென்று நிற்கும். "அப்பா, அதே காசுக்கு பி.எம்.டபிள்யூ. கிடைக்குதுப்பா!" என்பான் மகன். வாங்கும் விலைதான் குறைந்திருக்கிறதே தவிர, பட்டறை விலை குறையவில்லை. கியர் பெட்டி பழுதானாலும், எண்ணெய் கசிந்தாலும், விளக்கு உடைந்தாலும் இரண்டு லட்ச வெள்ளிக் காருக்கு உண்டான விலைதான் கேட்பார்கள். தோட்டத்துப் பக்கத்துச் சிறு பட்டணத்தில் அதைத் திறந்து பார்க்கும் ஆளும் கிடைக்கமாட்டார். சாலை வரியும் எஞ்சினைப் பொறுத்தது. ஆயிரம் சிசிக்குள் இருக்கும் அத்திவாவுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. ஆயிரத்தைந்நூறு சிசிக்கு நூறு வெள்ளி அளவில். இரண்டாயிரத்தை நெருங்கினால் முந்நூறைத் தாண்டிவிடும். மாதச் சம்பளக்காரருக்குப் பழைய சொகுசுக் கார் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கடன். இதை நிதானமாகப் படியுங்கள்.

90,000 வெள்ளிக் கார் என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு, அதாவது 9,000 வெள்ளி முன்பணம். மீதி 81,000 கடன். வட்டி மூன்று விழுக்காடு, ஒன்பது ஆண்டு. ஓராண்டு வட்டி 2,430 வெள்ளி. ஒன்பது ஆண்டுக்கு 21,870. மொத்தம் 1,02,870 வெள்ளியை 108 மாதத்தில் கட்டினால் மாதம் 952 வெள்ளி 50 காசு. இந்நாட்டில் கார்க் கடன் வட்டியை நெடுங்காலம் இப்படித்தான் கணக்கிட்டு வந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எட்டாவது ஆண்டில் கடன் கொஞ்சமே மீதி இருந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய 81,000-க்கே போட்டது. அதனால் மூன்று விழுக்காடு என்று சொல்வது உண்மையில் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காட்டுக்குச் சமம். குறையும் கடனுக்கு வட்டி போடும் முறையும் உண்டு. உங்கள் மகனுக்குக் கொடுக்கும் தாளில் எந்த முறை என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதே கணக்கில் 72,000 வெள்ளிக் காருக்கு மாதம் 762 வெள்ளி. மாதம் 190 வெள்ளி மிச்சம். தம்பி தங்கையின் பள்ளிச் செலவுக்கு அது எவ்வளவு உதவும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளக்காரருக்கு 952 வெள்ளி என்பது பாதிக்கும் மேல். மகன் 2,800 வெள்ளி வாங்குகிறான் என்றாலும், ஊழியர் சேமநிதி பதினொரு விழுக்காடு போனால் கையில் 2,492 வெள்ளிதான். அதில் தவணை, பெட்ரோல், டோல், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். கூடுதல் நேர வேலையை நம்பித் தவணை கட்டுவதாகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. தொழிற்சாலையில் முதலில் நிறுத்தப்படுவது அந்தக் கூடுதல் நேர வேலைதான்.

இப்பொழுது ஜாமீன். ஜாமீன் கையெழுத்து என்பது மகனின் நல்ல குணத்துக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் அல்ல. அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற வாக்குறுதி. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் அறிவிப்புக் கடிதம் அனுப்பலாம். 21 நாள் கழித்துக் காரை எடுத்துக்கொள்ளலாம். நான்கில் மூன்று பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். கார் போனதோடு கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஏலத்தில் விற்ற விலை பாக்கிக்குப் போதாவிட்டால் குறையும் பணத்தைக் கேட்பார்கள். மகனிடம் இல்லையென்றால் உங்களிடம்.

உங்களிடம் என்ன இருக்கிறது? ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வரும் சேமநிதிப் பணம். வேலையை விட்டு ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பணம் தலைக்கு மேல் ஒரு கூரைக்காக முப்பது ஆண்டுகள் மரம் சீவியும் குலை தூக்கியும் சேர்த்த பணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தந்தை அதிலிருந்து மகனின் காருக்கு முன்பணம் கொடுத்தார்; ஜாமீனும் போட்டார். மகன் நல்லவன்தான். தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தது, அவ்வளவுதான் நடந்தது. கார் போயிற்று. தந்தையும் தாயும் இன்று மகளின் வாடகை வீட்டில் முன்கூடத்தில் படுக்கிறார்கள்.

ஆகவே, போடலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். உங்கள் கையெழுத்து இல்லாமல் வங்கி கடன் தராது என்றால், அந்தக் கார் மகனின் சம்பளத்துக்கு மேலானது. விலை குறைந்த வகையைப் பார்க்கட்டும். அல்லது ஈராண்டு சேர்த்து முன்பணத்தைக் கூட்டட்டும். மாதா மாதம் 900 வெள்ளியைத் தனிக் கணக்கில் ஆறு மாதம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் 5,400 வெள்ளி சேரும், பழக்கமும் வரும். முடியாவிட்டால் கார் வாங்காமலே தெரிந்துகொண்டோம்.

ஓட்டிப் பார்க்கப் போகும் நாளில் அம்மாவையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். கடை வாசலில் வழவழப்பான சாலையில் ஒரு சுற்று போதாது. குழியுள்ள சாலையில் ஓட்ட விடச் சொல்லிக் கேளுங்கள். அம்மா பின் இருக்கையில் உட்காரட்டும். கால் நீட்ட இடம் இருக்கிறதா, குழியில் முதுகு வலிக்கிறதா என்பதை அவரைப் போல் யாரும் சொல்லமாட்டார்கள். அத்திவாவின் பின்பெட்டி 369 லிட்டர், எக்ஸ்50-இன் பெட்டி 330 லிட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ஓர் அரிசி மூட்டையும் எரிவாயுத் தோம்பும் கற்பனையில் வைத்துப் பாருங்கள். எந்தப் பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பது எண்ணெய் மூடியின் உட்பக்கத்தில் எழுதியிருக்கும். இந்தச் சிறிய எஞ்சின்களில் டர்போ இருப்பதால் எண்ணெய் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாம் யோசித்த பிறகும் ஜாமீன் போடத்தான் வேண்டும் என்று முடிவானால், வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். விலை, முன்பணம், வட்டி, மாதத் தவணை, எத்தனை மாதம் என்ற ஐந்தும் நிரப்பியிருக்க வேண்டும். தாள்கள் மலாயில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் மறுநாள் வருகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் 14 நாளுக்குள் வாங்குபவருக்கும் ஜாமீன்காரருக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். வந்ததும் அதை மகனிடம் கொடுத்து அனுப்பிவிடாமல், வீட்டில் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.