வேலை எங்கே நிற்கிறது?

மூலக்குளத்தில் வண்டியை எடுத்து ரெட்டியார்பாளையம் வழியாகப் பாண்டி டவுனுக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். நேரத்தைத் தின்பது தூரம் அல்ல, இந்திரா காந்தி சிலை சிக்னல் என்பார்கள். மென்பொருள் அலுவலகத்திலும் இப்படித்தான். ஆனால் அங்கே சிக்னல் கண்ணில் படாது. அதைக் காட்டுவதற்குத்தான் செயல்முறை வரைபடம்.

வாடிக்கையாளர் ஒரு மாற்றம் கேட்கிறார். யார் வாங்குவது, யார் எழுதுவது, யார் டெஸ்ட் பண்ணுவது, யார் தலையாட்டினால் ரிலீஸ்? ஆளுக்கொரு பட்டை, வேலைக்கொரு பெட்டி, முடிவெடுக்கும் இடத்தில் ஒரு சாய்சதுரம். 2013-ல் ஐஎஸ்ஓ தரமான பிபிஎம்என் குறியீட்டு முறைக்கு அடிப்படை இவ்வளவுதான். அதில் இன்னும் ஏகப்பட்ட குறியீடுகள் உண்டு. நாலைந்து தெரிந்தாலே போதும்.

வரைந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004-ல் மைக்ரோசாஃப்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஒரு குழு ஹைதராபாத்தில் இருந்தது. அந்த வேலையை ஒப்பந்தத்தில் செய்த நிறுவனம் சிஎம்எம்ஐ தரமதிப்பீட்டில் ஐந்தாம் நிலை பெற்றது. செயல்முறை ஒழுங்குக்கு அதற்கு மேல் படி கிடையாது. ஆனாலும் ஒரு கோரிக்கை முடிய ஐந்து மாதம் ஆனது. சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ், காத்திருக்கும் வரிசையைக் குறைக்காது.

அந்தக் குழுவுக்குப் பொறுப்பேற்ற மேலாளர் டிராகோஸ் டுமித்ரியு, மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த டேவிட் ஆண்டர்சனின் துணையோடு வேலை போகும் வழியை வரைந்து பார்த்தார். குற்றவாளி, யாரும் சந்தேகிக்காத ஒரு பெட்டி: மதிப்பீடு. புதுக் கோரிக்கை வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘எவ்வளவு நாளாகும்’ என்று சொல்லியாக வேண்டும். அதற்காக எழுதுகிறவரும் டெஸ்டரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். குழுவின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போனது. மதிப்பிட்டதில் பல கடைசிவரை செய்யப்படவும் இல்லை.

மதிப்பீட்டை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தார்கள். ஒன்பது மாதத்தில் காத்திருப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. இப்படி வரம்பு வைத்து வேலை நடத்தும் ‘கன்பான்’ முறை மென்பொருள் உலகில் பரவியது இந்தக் கதையோடுதான். சொல் டொயோட்டாவிடம் வாங்கிய கடன்.

மூலக்குளத்தில் மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து எட்டுப் பேர் தொழில் செய்தாலும் இப்படி வரைந்து பார்ப்பது பலிக்கும். நடக்க வேண்டியதை வரையாமல் நடப்பதை வரைய வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண்: கை வைத்த நேரம், சும்மா கிடந்த நேரம். ஒரு சார்ட் பேப்பரும், போன மாதத்துக் கோரிக்கைகளின் தேதிகளும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.