ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் ஒரு ரகசிய ரயில் நிலையம்!

குனிந்து வாருங்கள், ஆல்ப்ஸ் மலை தலையில் இடித்துவிடும்!

நாம் வந்திருப்பது ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்குக்கு. அங்கே ஷ்பைஷர்ஷ்டாட் என்ற பழைய கிடங்குப் பகுதி. கால்வாய்களை ஒட்டி வரிசையாக நிற்கும் செங்கல் கட்டடங்களில் ஒருகாலத்தில் காபிக்கொட்டையும் மசாலாச் சரக்கும் கம்பளங்களும் குவிந்து கிடந்தன. 2015இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கிடங்குகளின் மாடிகளில்தான் உலகிலேயே மிகப் பெரிய மாடல் ரயில் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மினியாட்டுர் வுண்டர்லாண்ட். இதுவரை 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். பெரும்பாலோர் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள். ஆனால், திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டும் தனிச் சுற்று ஒன்றும் இங்கே உண்டு. நமக்கு வேண்டியது அதுதான்!

ஜூரிச்சில் ஒரு கடை, ஹாம்பர்க்கில் ஒரு போன்

உள்ளே நுழையுமுன் இது எப்படிப் பிறந்தது என்று சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஃப்ரெடரிக் பிரவுன் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத் தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஹாம்பர்க்கில் இரட்டைச் சகோதரர் கெரிட்டோடு சேர்ந்து இரவு நேர நடன விடுதி நடத்துபவர். வயது முப்பதைத் தாண்டியாயிற்று. வழியில் ஒரு மாடல் ரயில் கடை. உள்ளே போகிறார். சின்ன வயதில் மனசுக்குள் ஓடிய ரயிலெல்லாம் ஒரே நேரத்தில் மறுபடியும் கிளம்பிவிட்டது!

கடையை விட்டு வெளியே வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே ஹாம்பர்க்குக்குப் போன். ‘உலகத்திலேயே பெரிய மாடல் ரயிலை நாம் கட்டப்போகிறோம்!’ என்கிற தம் திட்டத்தைச் சகோதரரிடம் கொட்டுகிறார். நல்ல தூக்கத்தில் கனவு கண்டவன் பேசுவதைப்போலத்தான் கெரிட்டுக்கு முதலில் கேட்டது. ஆனால், போன் மறுபடி மறுபடி அடித்தது. ஆசை தொற்றிக்கொண்டது. ஸ்டெஃபான் ஹெர்ட்ஸ் என்ற தொழில் பங்குதாரரும் சேர்ந்தார். வங்கி 20 லட்சம் மார்க் கடன் கொடுத்தது. அந்த டிசம்பரில் வேலை தொடங்கி, 2001 ஆகஸ்ட் 16 அன்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு கடைக்குள் நுழைந்ததில் தொடங்கிய விஷயம் இது!

ரயில் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். பாடகர் ராட் ஸ்டூவர்ட்டைக் கேட்டுப் பாருங்கள். வடக்கு லண்டனில் வளர்ந்த அந்தப் பையனுக்கு மாடல் ரயில் நிலையம் ஒன்றின்மேல் கண். அப்பா வாங்கிவந்ததோ கிதார்! கிதார் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. ரயில் ஆசை மட்டும் போகவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தம் லாஸ் ஏஞ்சலீஸ் வீட்டு மாடியில் ஒரு பெரிய அமெரிக்க நகரத்தையே ரயில் பாதைகளோடு கட்டி முடித்து, 2019இல் பிரிட்டிஷ் மாடல் ரயில் பத்திரிகை ஒன்றின் வழியாக உலகுக்குக் காட்டினார். இசைப் பயணங்களில் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, அங்கேயும் உட்கார்ந்து குட்டிக் கட்டடங்களைச் செய்துகொண்டிருப்பாராம்!

87இல் ஒரு பங்கு உலகம்

சரி, உள்ளே வந்துவிட்டோம். இங்கே எல்லாமே நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கிவிடுவார். இருபத்தாறு மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி, பள்ளிக்கூட ஸ்கேல் அளவுக்கு வந்துவிடும். தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர்தான். அப்படிப்பட்ட தண்டவாளம் இங்கே 15,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 87ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,300 கிலோமீட்டர். சென்னையில் ஏறி மும்பையில் இறங்கும் தூரம்! அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள். சுற்றிலும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான குட்டி மனிதர்கள். துணி காயப்போடுகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மழைக்குக் காத்திருக்கிறார்கள். எந்த மூலையில் கண்ணை வைத்தாலும் ஒரு கதை!

சுமார் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இங்கே இரவு வரும். கூரையின் வெளிச்சம் மெல்லச் சிவந்து நீலமாகி அடங்கும்போது வீடுகள், தெருக்கள், ரயில் பெட்டிகள் என்று லட்சக்கணக்கான விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். சுற்றி நிற்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ‘ஆ!’ என்பதைக் கேட்க வேண்டுமே!

மலைக்குள்ளே என்ன இருக்கிறது?

இந்தக் குட்டி உலகத்தின் சுவிட்சர்லாந்துப் பகுதி 2007இல் திறக்கப்பட்டது. ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரம் ஒரு தளத்தில் கிளம்பி, மேல் தளத்தைத் துளைத்துக்கொண்டு சுமார் ஆறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஆறு மீட்டரா என்று வாயைப் பிளக்க வேண்டாம். 4,478 மீட்டர் மலையை உண்மையான 87இல் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால் 51 மீட்டர் ஆகும், கட்டடமே தாங்காது!

இப்போது அந்த மலைக்கு அடியில் போவோம். மேலே பச்சை, பனி, பாலம். கீழே மரச்சட்டங்கள், வண்ண வண்ணக் கம்பிகள், பிறகு... இதோ! அடுக்கடுக்காக ரயில்கள் மூச்சு விடாமல் நிற்கின்றன. ஜெர்மன்காரர்கள் இதை நிழல் நிலையம் என்கிறார்கள். மேலே சுரங்கத்துக்குள் போன ரயில் உடனே மறுபக்கம் வந்துவிட்டால் ஒரே ரயில் வட்டமடிக்கிறது என்று தெரிந்துபோகுமல்லவா? அதனால் போன ரயில் கீழே வந்து இளைப்பாறும். வேறொரு ரயில் கிளம்பி மேலே போகும். நீங்கள் பார்ப்பது அடுத்த ரயில், அதற்கடுத்த ரயில், அதற்கும் அடுத்த ரயில்!

ஆயிரம் ரயில்கள் மோதிக்கொள்ளாமல் ஓடுவது எப்படி? நிஜ ரயில்வேயின் அதே விதிதான். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்த ரயில் அதற்குள் நுழையக் கூடாது. எந்தத் துண்டில் யார் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படியும் ஏதாவது ஒன்று தடம்புரண்டால்? ஊழியர் ஒருவர் மேடைக்கு அடியில் தவழ்ந்து போய், மலைச்சரிவில் இருக்கும் மூடியைத் திறந்து, பள்ளத்தாக்கின் நடுவே தலையை நீட்டுவார். இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களின் ஊரில் திடீரென்று ஒரு பூதம்! விரல் நுனியால் சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மறைந்துவிடுவார்.

ஓட்டுநர் இல்லாத தீயணைப்பு வண்டி

அடுத்தது க்னுஃபிங்கன். வரைபடத்தில் தேடாதீர்கள், முழுக்கக் கற்பனை ஊர். இங்கே அடிக்கடி எங்காவது தீப்பிடிக்கும். நீல விளக்குகள் சுழல, தீயணைப்பு வண்டிகள் சாரிசாரியாகக் கிளம்பும். மற்ற வண்டிகள் வழிவிடும். எல்லாம் தாமாகவே!

ஒரு வண்டியைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். முன்சக்கரங்களோடு இணைந்த சின்னக் கையின் நுனியில் ஒரு காந்தம். சாலைப் பூச்சுக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி. காந்தம் கம்பியைப் பின்தொடர்ந்து போகும். சக்கரம் அதற்கேற்பத் திரும்பும். வேகம், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சொல்லும். அந்த மூளையை எழுதியவர் கெரிட் பிரவுன். பேட்டரி இறங்கினால் வண்டி தானாகப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பும்.

இதைவிடப் பெரிய சங்கதி விமான நிலையம்! ஹாம்பர்க் விமான நிலையத்தை மாதிரியாக வைத்து, ஆறு ஆண்டுகள் பாடுபட்டு, 2011 மே மாதம் திறந்தார்கள். விமானம் தன் சக்கரங்களில் உருண்டு ஓடுபாதைக்கு வரும். ஒரு கணம் நிற்கும். இன்ஜின் உறுமும். பாய்ந்து ஓடி, மூக்கைத் தூக்கி... பறந்துவிடும்! கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பாருங்கள். ஓடுபாதையில் மெல்லிய கீறல்போல ஒரு பிளவு. அதன் வழியே இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்தை அடியிலிருந்து பிடித்திருக்கின்றன. கீழே ஓடும் சறுக்குவண்டி அவற்றைத் தூக்குகிறது. முன்கம்பி முதலில் உயர்வதால்தான் மூக்கு அத்தனை அழகாக எழுகிறது. பாதை முடிவில் விமானம் சுவருக்குள் மறையும். சுவருக்குப் பின்னால், பார்வையாளர் கண்ணில் படாத கிடங்கில், மற்ற விமானங்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்.

ரகசியம் தெரிந்தால் வியப்பு போய்விடும் என்று சொல்பவர்கள் இங்கே ஒருமுறை வந்து நிற்க வேண்டும். கம்பியைப் பார்த்த பிறகு அடுத்த விமானம் கிளம்பும்போது கைதட்டல் இன்னும் பலமாகத்தான் வருகிறது. விமானம் பறந்ததற்கு மட்டும் தட்டிய கை, இப்போது அதைப் பறக்கவைத்தவர்களுக்கும் சேர்த்துத் தட்டுகிறது!

கடலும் உண்டு, கச்சேரியும் உண்டு

ஸ்காண்டிநேவியாப் பகுதியில் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர். அதில் கப்பல்கள். நீர்மட்டம் நிஜக் கடலைப்போலவே ஏறி இறங்கும்! இத்தாலிப் பகுதியில் வெசுவியஸ் எரிமலை பொங்கி நெருப்புக் குழம்பு வழியும், அத்தனையும் விளக்குகள். 2021இல் கால்வாயைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக்குப் போகும் பாலத்தைத் திறந்தார்கள். பாலத்தைக் கடந்தால் தென் அமெரிக்கா! 2024இல் மொனாக்கோவும் வந்து சேர்ந்தது. அங்கே கார் பந்தயமே நடக்கிறது.

கொரோனா காலத்தில் கதவு மூடிக்கிடந்தபோது இவர்கள் சும்மா இருந்தார்களா? 2,840 கண்ணாடிக் கோப்பைகளில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றித் தண்டவாளத்தின் ஓரமாக அடுக்கி, ரயிலில் தட்டுகோல் பொருத்தி ஓடவிட்டார்கள். ரயில் போகப் போகக் கோப்பைகள் ஒலித்து, மேற்கத்திய செவ்வியல் இசை மெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாடல் ரயில் வாசித்த மிக நீளமான இசை என்று அதற்கு ஒரு கின்னஸ் சாதனை!

அந்தப் பொத்தானை அமுக்குங்கள்

திரைக்குப் பின்னால் இருந்து மறுபடி கூட்டத்துக்குள் வந்துவிட்டோம். கம்பித் தடுப்பு ஓரமாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள். சுமார் 200 இருக்கும். அமுக்கினால் எங்கோ ஒன்று அசையும். சுவிட்சர்லாந்தில் ஒரு பொத்தான் குட்டிச் சாக்லேட் தொழிற்சாலையை ஓட்டும். கடைசியில் நிஜச் சாக்லேட் ஒன்று உங்கள் கைக்கு வரும்! அந்தப் பொத்தான் முன்னால் எப்போதும் பிள்ளைகள் கூட்டம். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டியில் ரயில் நிலையம் கட்டத் தொடங்குவார்களோ!

இதை நடத்துபவர்களுக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன். ஒரு கடையில் பார்த்த காட்சி தங்கள் வாழ்க்கையை மாற்றியதை அறிந்தவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் ஜனவரியில், கட்டணம் கட்ட வசதியில்லை என்று வாசலில் சொல்பவர்களை இலவசமாக உள்ளே விடுகிறார்கள். எந்தச் சான்றும் கேட்பதில்லை. நான் இங்கே பார்த்த பொறியியல் அத்தனைக்கும் மேலாக இதை வைப்பேன்.

ஹாம்பர்க் ரொம்பத் தூரம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே புனே இருக்கிறது. கோத்ரூட் பகுதியில் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். போனால், ‘நேரமாச்சு, கிளம்பு’ என்று மட்டும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை நின்று பார்க்கட்டும்.